நடைபாதையில் படுக்கும் பெண்களைத் தேடிப் போகிறவர்களுக்கு: சென்னைக் களத்திலிருந்து ஒரு வழிகாட்டி

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே கேட்டுவிடுவார்கள்: "காப்பகத்துல இடம் இருக்கே, அப்புறம் ஏன் வர மாட்டேங்கறாங்க?" நானும் கேட்டேன். என்னைக் களத்துக்குக் கூட்டிப்போன அக்கா பதில் சொல்லவில்லை. "இந்த எடத்த உட்டு வந்தா அவங்களுக்கு என்னென்ன போவும்னு ஒரு லிஸ்ட் போடு" என்றார்.

போட்டுப் பார்த்தேன். கோயம்பேடு மார்க்கெட்டை ஒட்டிப் படுக்கும் ஒரு பெண்மணிக்கு நள்ளிரவு தாண்டி லாரிகள் வந்து நிற்கும்போது அங்கே இருந்தால்தான் காய் பிரிக்கிற வேலை கிடைக்கும். கையில் காசில்லாத நாளில் டீக்கடைக்காரர் கடன் கொடுப்பார், அவரை அங்கே தெரியும் என்பதால். பக்கத்தில் படுக்கும் இரண்டு பெண்கள் முறை வைத்து விழித்திருப்பார்கள். காப்பகத்தின் கேட் காலை ஆறு மணிக்குத்தான் திறக்கும் என்றால், ஒரு கூரைக்காக இவ்வளவையும் அவர் விட்டுவர வேண்டும். வராமல் இருப்பதில் ஆச்சரியம் ஏதும் இல்லை.

கீழே சொல்லப்போவதெல்லாம் அந்த லிஸ்ட்டைச் சுருக்குகிற வேலைதான். சென்னையை வைத்து எழுதுகிறேன். மதுரை, கோவைக்காரர்கள் இடங்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

1. யாரைப் பார்க்கப் போகிறோம்

அரசாணையில் "வீடற்ற பெண்கள்" என்று ஒரே வரியில் எழுதிவிடலாம். தெருவில் அப்படி ஒரே மாதிரி ஆட்கள் கிடையாது.

பிராட்வே, வால்டாக்ஸ் ரோடு, ஜார்ஜ் டவுன் சந்துகளில் இருப்பவர்களில் பலர் குடும்பமாக இருப்பவர்கள். "எங்க ஆயா காலத்துலேருந்து இங்கதான்" என்பார்கள். பெரும்பாலும் உண்மைதான். அதே பிளாட்பாரத்தில் பிறந்து, அங்கேயே கல்யாணம் முடித்து, அங்கேயே பிள்ளை வளர்த்தவர்கள். அவர்களிடம் போய்க் காப்பகம் என்றால் சிரிப்பார்கள். பெண்கள் காப்பகத்தில் கணவனுக்கு இடமில்லை, வளர்ந்த பையனுக்கும் இடமில்லை. அவர்கள் கேட்பது வீடு, அதுவும் பிழைப்புக்குப் போய்வரும் தூரத்தில்.

சென்ட்ரல், எழும்பூர் ரயில் நிலையங்களிலும் கோயம்பேடு, கிளாம்பாக்கம் பேருந்து முனையங்களிலும் ஒற்றைப் பையோடு உட்கார்ந்திருப்பவர் வேறு ரகம். புடவை கசங்கியிருக்காது, போனை அணைத்து வைத்திருப்பார், எத்தனை பஸ் வந்தாலும் ஏற மாட்டார். வீட்டை விட்டு அன்றைக்குத்தான் வந்திருப்பார். நாம் பார்க்கிறவர்களில் நேரம் மிகக் குறைவாக இருப்பது இவருக்குத்தான். அவரை நாம் கவனித்த மாதிரி வேறு யாரோவும் கவனித்துக்கொண்டிருப்பார்கள்.

மகனோ மகளோ "இரு, வரேன்" என்று கோயில் வாசலில் விட்டுப்போன வயதான அம்மாக்கள் இருக்கிறார்கள். அரசு மருத்துவமனைக்கு வெளியே, உள்ளே படுத்திருக்கும் கணவனுக்காக மாதக்கணக்கில் காத்திருக்கும் வெளியூர்ப் பெண்கள் இருக்கிறார்கள். மனநோயோடு, எந்த ஊர், என்ன மொழி என்றே புரியாமல் தனியாக நடந்துகொண்டே இருக்கும் பெண்களும் இருக்கிறார்கள். ஒருவருக்குப் பொருந்துவது இன்னொருவருக்குப் பொருந்தாது. முதல் ஒரு வாரம் யாரிடமும் எதையும் கொடுக்காமல், எழுதாமல், சும்மா நடந்து பாருங்கள். எந்தக் கடைப் படியில் யார், எத்தனை மணிக்கு விரிக்கிறார்கள், எந்தக் குழாயில் தண்ணீர் பிடிக்கிறார்கள், எந்தக் கட்டணக் கழிப்பறை இரவில் பூட்டியிருக்கிறது என்பதெல்லாம் கண்ணில் படும். கழிப்பறை பூட்டுகிற நேரம் தெரிந்தாலே பாதிக் கதை தெரிந்த மாதிரி. மாலை ஐந்து மணிக்கு மேல் தண்ணீரே குடிக்காத பெண்கள் ஏன் அப்படி என்று அதற்குப் பிறகு கேட்க வேண்டியதில்லை.

2. எப்போது போவது, எப்படி உட்காருவது

இரவு ஒன்பதரையிலிருந்து பதினொன்று வரை நல்ல நேரம். கடைகள் சாத்தி, வாசல் காலியாகி, விரிப்பு போட்டிருப்பார்கள். தூங்கிவிட்டவரை எழுப்பாதீர்கள். தெருவில் தூக்கம் அவ்வளவு சுலபத்தில் வருவதில்லை. பாதிப் பேர் ஆள் நடமாட்டம் இருக்கும் பகலில்தான் நிம்மதியாகக் கண்ணயர்கிறார்கள். டார்ச் அடிப்பதாக இருந்தால் தரையில் அடியுங்கள், முகத்தில் வேண்டாம். முகத்தில் வெளிச்சம் அடிப்பது விரட்ட வருகிறவர்களின் பழக்கம்.

இருவராகப் போங்கள், அதில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். அந்த எல்லைக் காவல் நிலையத்தில் முன்கூட்டியே ஒரு கடிதம் கொடுத்துவையுங்கள். அடையாள அட்டை பையில் இருக்கட்டும், கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு போனால் கார்ப்பரேஷன் கணக்கெடுப்பு என்று நினைத்து எழுந்து போய்விடுவார்கள்.

விரித்திருக்கிற சாக்கு, பாய், பிளெக்ஸ் எதுவானாலும் அது அவர் வீடு. செருப்போடு அதில் கால் வைக்காதீர்கள். "உக்காரலாமாக்கா?" என்று கேட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, ஓரமாக உட்காருங்கள். நின்றுகொண்டு குனிந்து பேசுவதை நான் பார்த்தாலே திட்டுவேன்.

அப்புறம், மூட்டை. ஒரு மழை ராத்திரி, பாரிமுனைப் பக்கம் ஒரு ஆயா கடை ஷட்டரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். தண்ணீர் ஓடிவந்து அவர் பையை நனைக்கத் தொடங்கியது. நல்லது செய்வதாக நினைத்து நான் பையைத் தூக்கி மேலே வைக்கப் போனேன். பையின் கைப்பிடியில் ஒரு நாடா, அதன் மறுமுனை அவர் கால் கட்டைவிரலில். நாடா இழுபட்டதும் அலறி எழுந்தார். தெருவே எழுந்துவிட்டது. அதற்கப்புறம் மூன்று வாரம் நான் போனால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். உள்ளே என்ன இருந்தது என்று பின்னால் அவரே காட்டினார்: இறந்துபோன மகளின் பள்ளிக்கூட போட்டோ, ஒரு பழைய ரேஷன் கார்டு, மருத்துவமனைச் சீட்டுகள், ஒரு பித்தளைச் சொம்பு. ஒரு வீட்டில் பீரோவில் வைப்பதெல்லாம் அந்தப் பையில். கேட்காமல் தொடாதீர்கள், நனைந்தாலும் சரி.

3. பையில் என்ன கொண்டுபோவது

சோற்றுப் பொட்டலம் கொண்டுபோகாதீர்கள் என்பது என் கட்சி. பொட்டலம் கொடுக்க வருகிறவர்கள் நிறைய. நீங்களும் கொடுத்தால் உங்களையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள், அதன்பின் பேச்சு பொட்டலத்தைத் தாண்டாது. அம்மா உணவகம் எங்கே, எத்தனை மணிக்கு என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

யாரும் கொடுக்காத பொருட்களைக் கொண்டுபோங்கள். புதிய உள்ளாடை, பல அளவுகளில். பழைய புடவை தானம் செய்ய ஊரே தயாராக இருக்கிறது, ஆனால் பாவாடையும் அளவான ரவிக்கையும் இல்லாமல் புடவையை வைத்து என்ன செய்வது? நாப்கின், கூடவே அதை மடித்துப் போடக் காகிதம். கொசு மருந்து. ஊக்கு. பேன் சீப்பு, கேட்டால் மட்டும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழைக்காலத்துக்குத் தார்பாலின், கத்திரி வெயிலில் உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட். காகிதங்களை வைக்க ஜிப் போட்ட பிளாஸ்டிக் உறை. இந்த உறைதான் என் அனுபவத்தில் எல்லாவற்றையும் விட அதிகம் கேட்கப்பட்டது. போன் சார்ஜ் ஏற்ற ஒரு பவர் பேங்க் இருந்தால், சார்ஜ் ஏறும் அரை மணி நேரம் பேச்சும் தானாக நடக்கும்.

4. பேச்சு

"சாப்டாச்சா" என்று ஆரம்பியுங்கள், பழசு என்றாலும் அதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. அக்கா, மா, ஆயா என்று வயதுக்குத் தகுந்தபடி கூப்பிடுங்கள். தெருவில் ஐம்பது வயது அறுபத்தைந்து மாதிரி தெரியும், அதனால் சந்தேகம் வந்தால் அக்கா. "நீ, வா, போ" என்று அவர் உங்களைச் சொல்லலாம். நீங்கள் சொல்லக் கூடாது.

முதல் மூன்று நான்கு சந்திப்புகளில் படிவத்தை வெளியே எடுக்காதீர்கள். "ஏன் இங்க படுக்கறீங்க", "புருஷன் எங்க" என்ற இரண்டு கேள்வியும் வேண்டாம். இடுப்பு வலி, கொசு, மகன், மழை என்று அவர் போகிற வழியில் போங்கள். திரும்ப எப்போது வருவீர்கள் என்பதை மட்டும் சரியாகச் சொல்லுங்கள். வியாழக்கிழமை என்றால் வியாழக்கிழமைதான். வர முடியாவிட்டால் யாரையாவது அனுப்பிச் சொல்லுங்கள். "வரேன்னு சொல்லிட்டுப் போனவங்க" என்று ஒரு பெரிய பட்டியல் ஒவ்வொருவரிடமும் இருக்கிறது, அதில் நாமும் ஒரு பெயராகிவிடக் கூடாது.

செய்ய முடியாததைச் சொல்லாதீர்கள். "வீடு வாங்கித் தரோம்" என்ற சொல் தெருவில் தீ மாதிரி பரவும். "ஆதார் வாங்க கூட வரேன்" என்று சொல்லி, வாங்கிக் கொடுங்கள். அடுத்ததை அவரே கேட்பார்.

போட்டோ எடுக்காதீர்கள். நன்கொடை கொடுத்தவர் கேட்டாலும் சரி. அடித்துத் துரத்திய கணவன் எங்கோ ஒரு வாட்ஸாப் குழுவில் அந்தப் படத்தைப் பார்க்கலாம். பத்திரிகைகளில் வரும் "மீட்பு" என்ற சொல்லும் எனக்கு ஒவ்வாது. கடலில் விழுந்தவரை மீட்கலாம், வேலை பார்த்துச் சம்பாதித்துச் சாப்பிடுகிற பெண்ணை எதிலிருந்து மீட்கிறோம்?

5. காப்பகத்துக்கு அழைக்கும் முன் நீங்கள் போய் வாருங்கள்

டில்லிக் குளிரில் வீடற்றவர்கள் இறந்ததை அடுத்து 2010இல் உச்ச நீதிமன்றம் தலையிட்டது. பெரிய நகரங்களில் ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு ஒரு காப்பகம், அதுவும் வருடம் முழுவதும், 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்பது அதன் வழியே வந்த ஏற்பாடு. பிறகு தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் கீழ் இது திட்டமானது. ஒருவருக்குக் குறைந்தது 50 சதுர அடி இடம் என்பது அதன் விதி. சென்னையில் மாநகராட்சி இடம் கொடுக்க, தொண்டு நிறுவனங்கள் நடத்துகின்றன. பெண்களுக்கு, ஆண்களுக்கு, மருத்துவமனைக்கு வரும் நோயாளிகளின் உடனிருப்போருக்கு என்று தனித்தனியாக உண்டு.

விதி இப்படி, நடப்பு இடத்துக்கு இடம் வேறு. அதனால் ஒரு பெண்ணிடம் பேசுவதற்கு முன் அந்தக் காப்பகத்துக்கு நீங்களே போய் ஒரு மாலை முழுக்க உட்காருங்கள். பொறுப்பாளரிடம் கேட்க வேண்டியவை:

- இரவு வேலைக்குப் போகிறவர் இரண்டு மணிக்கு வெளியே போய், காலையில் வந்து தூங்கலாமா?
- பையை வைத்துப் பூட்ட இடம் உண்டா? சாவி யார் கையில்?
- பையன் எத்தனை வயது வரை கூட இருக்கலாம்?
- ஆதார் இல்லாமல் சேர்ப்பார்களா?
- இத்தனை பேருக்கு எத்தனை கழிப்பறை, துணி எங்கே காய்கிறது?
- ஒரு வாரம் வெளியூர் போய்வந்தால் இடம் இருக்குமா?

வேலைக்குப் போக அனுமதி இல்லை என்றால் வாதாடுங்கள், மரியாதையாக. 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்ற விதியை எடுத்துச் சொல்லுங்கள். நான் ஒரு காப்பகத்தில் இதற்காக ஆறு வாரம் நடந்தேன். கடைசியில், நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகட்டும் என்று ஒப்புக்கொண்டார்கள். அன்றைக்கே கோயம்பேட்டிலிருந்து மூன்று பேர் சேர்ந்தார்கள். அதுவரை "வர மாட்டேங்கறாங்க" என்று எழுதிவைத்திருந்தது இவர்களைப் பற்றித்தான்.

பிறகு அவரை ஒரு பகலில் பார்க்க மட்டும் அழைத்துப் போங்கள். சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, 2021 மே மாதத்திலிருந்து. ஏறி இறங்கும் வழி பழகிக்கொள்ளட்டும். பார்த்துவிட்டுத் திரும்பிப் பழைய இடத்துக்கே வரட்டும். முதல் முறையே மூட்டையோடு கூட்டிப் போனால், திரும்பி வரும்போது அந்த நடைபாதை இடத்தை வேறு யாராவது பிடித்திருப்பார்கள். அந்தப் பயத்திலேயே வர மாட்டார்.

6. வீட்டை விட்டு வந்த முதல் ராத்திரி

பேருந்து நிலையத்தில் நான் சொன்ன அந்தப் பெண்ணைப் பார்த்தால் "மெதுவாகப் பழகு" என்ற விதியெல்லாம் இங்கே செல்லாது. பக்கத்தில் உட்காருங்கள், யார் என்று சொல்லுங்கள், "எங்கயாச்சும் போவணுமா, யாருக்காச்சும் போன் பண்ணணுமா" என்று கேளுங்கள். வீட்டுக்குத் திரும்பிப் போகச் சொல்லி அறிவுரை வேண்டாம். நமக்குத் தெரியாத வீடு அது.

அவர் சம்மதித்தால் பெண்கள் உதவி எண்ணான 181க்கு அவர் முன்னாலேயே போன் செய்யுங்கள். ஒருங்கிணைந்த சேவை மையத்தில் மருத்துவம், காவல், சட்ட உதவி, சில நாள் தங்க இடம் எல்லாம் ஒரே கூரையின் கீழ் உண்டு. அங்கே தங்குவது சாதாரணமாக 5 நாள் வரைதான், அதற்குள் அடுத்த இடத்தை யோசித்தாக வேண்டும். கூடவே போய் உட்காருங்கள். வாசலில் விட்டுவிட்டு வராதீர்கள்.

காலையில் காபி குடித்து, கொஞ்சம் ஆறிய பிறகு ஒன்றைச் சொல்லுங்கள். 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டப்படி, சேர்ந்து வாழ்ந்த வீட்டில் தொடர்ந்து வசிக்கும் உரிமை அவருக்கு உண்டு. வீடு கணவன் பேரில் இருந்தாலும், வாடகை வீடாக இருந்தாலும் சரி. அங்கே போக முடியாது என்றால் அதே தரத்தில் வேறு இடம் பார்த்துக் கொடுக்கவோ, அதற்கு வாடகை கட்டவோ கணவனுக்கு நீதிபதி உத்தரவிடலாம். இதைக் கேட்டதும் "எனக்கா?" என்று கேட்காத பெண்ணை நான் பார்த்ததில்லை. வக்கீல் செலவும் இல்லை. சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு, எண் 15100.

7. மனநோயோடு தனியாக இருப்பவர்

இங்கேதான் அவசரப்பட்டவர்கள் அதிகம் கெடுத்திருக்கிறார்கள். நாலு பேர் சேர்ந்து பிடித்து, வண்டியில் ஏற்றி, முதல் வேலையாகத் தலையை மொட்டை அடித்து, குளிப்பாட்டி, "முன்பு, பின்பு" என்று இரண்டு படம் போடுவது. சடை பிடித்த முடியாக இருந்தாலும் அது அவருடைய முடி. ஒரு அக்கா நாலு மாதம் கழித்துச் சொன்னார், "அன்னைக்கு நீங்க வெட்டியிருந்தா ஓடிப் போயிருப்பேன்" என்று. நாங்கள் வெட்டவில்லை. தேங்காய் எண்ணெய் கொண்டுபோய் வைத்தோம், அவரே ஒருநாள் சீப்பு கேட்டார்.

தினமும் அதே இடத்தில், அதே ஆள், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து டீ வைத்துவிட்டு வருவதுதான் தொடக்கம். பக்கத்துக் கடைக்காரரிடம் கேளுங்கள், அவருக்குத் தெரிந்தது யாருக்கும் தெரியாது: என்ன மொழியில் முணுமுணுக்கிறார், எதைக் கொடுத்தால் சாப்பிடுகிறார், ராத்திரி யார் வந்து தொந்தரவு செய்கிறார்கள்.

சட்டம் தெரிந்திருக்க வேண்டும். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் நூறாவது பிரிவு, மனநோயோடு அலைந்து, தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாதவராகத் தெரிகிறவரைப் பாதுகாப்பில் எடுக்கும் கடமையைக் காவல் நிலையப் பொறுப்பாளருக்குத் தருகிறது. 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவ நிலையத்துக்கு அழைத்துப் போக வேண்டும், லாக்கப்பில் வைக்கவே கூடாது. வீடற்றவராக இருந்தால் காணாமல் போனவர் என்று எஃப்.ஐ.ஆர். போட்டுக் குடும்பத்தைத் தேட வேண்டும். நிலையத்தில் "இதெல்லாம் எங்க வேலை இல்லம்மா" என்றால் இந்தப் பிரிவைத் தமிழில் அச்சடித்து வைத்துக்கொண்டு காட்டுங்கள். சென்னைக் காவல்துறையில் 'காவல் கரங்கள்' என்று இதற்கென்றே ஓர் ஏற்பாடு 2021இலிருந்து இருக்கிறது, நிலையத்தை விட அங்கே பேசுவது சில சமயம் எளிது.

சிகிச்சைக்குக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை இருக்கிறது. மாவட்டங்களில் அவசர சிகிச்சை மற்றும் மீட்பு மையங்கள் இருக்கின்றன. வீடற்றவர்களுக்குச் சிகிச்சை இலவசம், ஏழை என்று காட்ட அட்டை கேட்கக் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. போனில் ஆலோசனை கேட்க 14416.

1993இல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயகுமாரும் தொடங்கிய 'தி பேன்யன்' என்ற தொண்டு நிறுவனம் இந்தப் பெண்களுக்காகவே சென்னையில் உருவானது. அவர்கள் செய்ததில் எனக்கு முக்கியமாகப் படுவது, குணமான பிறகும் போக வீடில்லாதவர்களை நிறுவனத்திலேயே வைத்துக்கொள்ளாமல், நாலைந்து பேராகச் சாதாரணத் தெருவில் வாடகை வீடு பிடித்துக் குடிவைத்தது. பக்கத்து வீட்டில் கோலம், எதிர்வீட்டில் சண்டை, தண்ணீர் லாரிக்குக் குடம். சாதாரண வாழ்க்கை.

8. குழந்தையும் கர்ப்பிணியும்

குழந்தையோடு இருக்கும் அம்மா உங்களைக் கண்டதும் எழுந்து போனால் காரணம் ஒன்றுதான்: பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்ற பயம். ஏழ்மைக்காக மட்டும் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிப்பது சிறார் நீதிச் சட்டத்தின் நோக்கம் கிடையாது, விடுதி என்பது கடைசி வழிதான். இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அடிபட்ட, ஆபத்தில் இருக்கிற குழந்தை என்றால் குழந்தைகள் உதவி எண் 1098.

கர்ப்பிணி என்றால் மற்றதெல்லாம் பிறகு. அந்த வாரமே நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்து, தாய்சேய்ப் பதிவு எண் வாங்குங்கள். அந்த எண் இருந்தால்தான் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி கிடைக்கும். பிறப்புச் சான்றிதழுக்கும் அது வேண்டும். பிரசவம் முடிந்து வார்டிலிருந்து அனுப்பும் நாளுக்கு முன்பே தங்க இடத்தை முடித்துவையுங்கள். மூன்று நாள் குழந்தையோடு ஒருவர் பழைய நடைபாதைக்கே திரும்பி வந்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்தத் தேதி எங்களுக்குத் தெரிந்தே இருந்தது.

9. காகிதம்

ஆதாரிலிருந்துதான் எல்லாம் தொடங்கும். முதலில் கேளுங்கள்: "முன்னாடி எடுத்தீங்களா?" பலர் எடுத்துத் தொலைத்திருப்பார்கள். தெரியாமல் புதிதாகப் பதிவு செய்தால் இரட்டைப் பதிவு என்று தள்ளுபடியாகி இரண்டு மாதம் வீணாகும். ஆதார் மையத்தில் கைரேகை வைத்தே பழைய எண்ணைக் கண்டுபிடிக்கலாம். புதிதாக எடுக்கிறவர் என்றால், நிலையான வீடில்லாதவர்களுக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய வேண்டும் என்று ஆதார் சட்டமே சொல்கிறது. அங்கீகரிக்கப்பட்ட காப்பகத்தின் பொறுப்பாளர் உரிய படிவத்தில் தரும் சான்றிதழை முகவரிச் சான்றாக ஏற்பார்கள். பாத்திரம் தேய்த்துத் தேய்த்து ரேகை அழிந்திருக்கும். கைக்கு எண்ணெய் தடவி, இரண்டு நாள் சோப்புத் தூள் தொடாமல் இருக்கச் சொல்லி அழைத்துப் போங்கள்.

வாக்காளர் அட்டை பற்றிப் பலருக்குத் தெரியாது. நடைபாதையில் இருப்பவர், பெயர் சேர்க்கும் விண்ணப்பமான படிவம் 6இல், தான் படுக்கும் இடத்தையே எழுதலாம், முகவரிச் சான்று தேவையில்லை. வாக்குச்சாவடி நிலை அலுவலர் ஒன்றுக்கு மேற்பட்ட இரவுகள் வந்து அவர் அங்கே படுக்கிறாரா என்று பார்த்துவிட்டுச் சேர்க்க வேண்டும். அந்த இரவுகளில் நீங்களும் அங்கே இருங்கள், இல்லாவிட்டால் பகலில் வந்து "ஆள் இல்லை" என்று எழுதிவிடுவார்கள்.

முதியோர், விதவை, கணவனால் கைவிடப்பட்டோர் ஓய்வூதியங்களுக்கு வட்டாட்சியர் அலுவலகம். சிக்கல் எங்கே என்றால், இறந்த கணவனின் இறப்புச் சான்றிதழ் இவரிடம் இருக்காது, மாமியார் வீட்டில் இருக்கும். தேதியும் மருத்துவமனையும் நினைவிருந்தால் பதிவேட்டிலிருந்து நகல் வாங்கலாம். வாங்கியதையெல்லாம் அந்தப் பிளாஸ்டிக் உறையில் போட்டு அவரிடமே கொடுங்கள். நகலை மட்டும் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். மூலத்தை "பத்திரமா இருக்கட்டும்" என்று அலுவலக பீரோவில் வைக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம்.

10. வீடு

நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம், அதாவது பழைய குடிசை மாற்று வாரியம், பெரும்பாக்கம், கண்ணகி நகர், செம்மஞ்சேரி என்று தெற்கே வீடுகள் கொடுத்திருக்கிறது. பிராட்வேயிலிருந்து பெரும்பாக்கம் 25 கிலோமீட்டருக்கு மேல். போனவர்களில் சிலர் வீட்டைப் பூட்டிவிட்டு வேலைக்காக மறுபடியும் பழைய நடைபாதையிலேயே வந்து படுப்பது இதனால்தான். பார்க்கிறவர்கள் "வீடு கொடுத்தாலும் இதுங்க இப்படித்தான்" என்பார்கள். காலை நாலு மணி வேலைக்குப் பெரும்பாக்கத்திலிருந்து எந்த பஸ் என்று கேளுங்கள். ஒதுக்கீட்டுக் கணக்கெடுப்பு வரும்போது பெண்கள் தலைமையில் இருக்கும் குடும்பங்கள் பட்டியலில் விடுபடாமல் பார்ப்பதும், வேலைக்குப் பக்கத்தில் கட்டும் குடியிருப்பில் இடம் கேட்டு மனுப் போடுவதும் நம் வேலை.

மற்றவர்களுக்கு வாடகை அறைதான். வியாசர்பாடி, புளியந்தோப்பு மாதிரி இடங்களில் ஒற்றை அறைகள் கிடைக்கும். புரோக்கரை விட, தெருமுனை மாவுக் கடையிலும் அயர்ன் வண்டிக்காரரிடமும் கேளுங்கள். அட்வான்ஸ்தான் சுவர். 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி குடியிருப்புக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. கேட்பவர்கள் கேட்கத்தான் செய்கிறார்கள், ஆனால் சட்டம் தெரிந்து பேரம் பேசினால் இறங்குகிறார்கள். அட்வான்ஸை நிறுவனம் கட்டலாம், ரசீது அந்தப் பெண்ணின் பேரில் இருக்கட்டும்.

"தனியா இருக்கற பொம்பளைக்குத் தர மாட்டோம்" என்பது அடுத்த சுவர். பொய் சொல்லாதீர்கள், கணவன் வெளிநாட்டில் என்று ஒருமுறை சொல்லிவைத்து மாட்டிக்கொண்டவர்கள் நாங்கள். "வேலைக்குப் போறாங்க, மாசம் ஒருதடவை நான் வந்து பாப்பேன், எதுனா இருந்தா இந்த நம்பர்" என்று நேராகச் சொல்லுங்கள். சேர்ந்து விழித்திருந்த இரண்டு மூன்று பேர் ஒரே அறை எடுப்பது இன்னும் நல்லது. வாடகை பிரியும், காவலும் பழகினது.

குடிபோன பிறகு அடிக்கடி போங்கள். அந்தக் கோயம்பேட்டு அக்காக்களில் ஒருவர் அறை எடுத்த நாலாம் நாள் போனேன். கதவைத் திறந்து வைத்து, நிலைப்படியில் தலை வைத்து, கால் உள்ளே, தலை வெளியே என்று படுத்திருந்தார். "சத்தமே கேக்க மாட்டேங்குது, தூக்கம் வரல" என்றார். ஒரு பழைய டேபிள் ஃபேன் வாங்கிக் கொடுத்தோம், காற்றை விட அது போடுகிற சத்தத்துக்காக. உள்தாழ்ப்பாள் ஆடிக்கொண்டிருந்தது, அதையும் அன்றைக்கே மாற்றினோம். குடிபோகும் நாளில் தாழ்ப்பாள், மின்மீட்டர் யாருடையது, தண்ணீர் எத்தனை மணிக்கு, கழிப்பறை எத்தனை பேருக்குப் பொது என்ற நாலையும் பார்த்துவிடுங்கள்.

முதல் மாத வாடகை எப்படியும் கொடுத்துவிடுவார்கள். இரண்டாவது மாதம்தான் வழுக்கும். மழைக்காலமாக இருந்தால் வேலை பாதி நாள்கூட இருக்காது, கேட்கவும் கூச்சப்படுவார்கள். தேதி ஐந்து வருவதற்கு முன்னால், ஒரு சாயங்காலம், சும்மா டீ குடிக்க வந்த மாதிரி போய்விட்டு வாருங்கள்.